மூக்கறுத்தவர்களும் மூக்கு வைத்தவரும்

நம்ம தமிழ்ல மானம் மொத்தமும் மூக்குலதான் குடியிருக்கு. தோற்றவனை "மூக்கறுபட்டான்" என்கிறோம். அவமானப்பட்டவன் "மூக்குடைபட்டான்". பொண்ணு அழகா இருந்தா "மூக்கும் முழியுமா இருக்கா". சூர்ப்பனகை கதையிலும் முதல்ல போனது மூக்குதான்.

இதெல்லாம் வெறும் பேச்சுவழக்கு இல்லைங்க, நிஜமாவே மூக்கறுத்த போர் ஒண்ணு நம்ம ஊர்ல நடந்திருக்கு. திருமலை நாயக்கரின் கடைசிக் காலம், 1650களின் பிற்பகுதி. மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜாவின் படை சத்தியமங்கலம் பக்கம் இறங்கி, கண்ணில் பட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தது. அறுத்த மூக்குகளை மூட்டை கட்டி அனுப்பினார்கள் என்று அந்தக் கால பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. நாயக்கர் படுக்கையில் கிடக்க, ராமநாதபுரம் சேதுபதி படையோடு வந்து காப்பாற்றினார். பிறகு மதுரைப் படை மைசூருக்குப் போய் அதே வேலையைச் செய்தது. சரித்திரத்தில் இதற்குப் பெயரே "மூக்கறு போர்".

அறுத்தவர்கள் கதை கிடக்கட்டும். அறுபட்டவர்கள் என்ன ஆனார்கள்? பள்ளிக்கூட சரித்திரப் புத்தகம் அங்கே போவதே இல்லை. ஆனால் ஒரே ஒருத்தர் கதை மட்டும் விவரமா கிடைத்திருக்கு.

பெயர் கவாஸ்ஜி. மராட்டியர். 1792ல் மூன்றாம் மைசூர் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கும் ஒரு கையும் போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் திரிந்தவருக்கு, பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் புது மூக்கு வைத்தார். வைத்தவர் வைத்தியரா? இல்லை. செங்கல் அறுக்கும் சாதிக்காரர்!

அவர் செய்த விதம் இது. மெழுகில் ஒரு மூக்கு செய்து, அறுபட்ட இடத்தில் பொருத்திப் பார்த்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றி கோடு போட்டார். கோட்டின் வழியே நெற்றித் தோலை உரித்தார், ஆனால் இரு புருவத்துக்கு நடுவில் மட்டும் வெட்டாமல் விட்டார். அந்தத் தோலைத் திருப்பிக் கீழே இறக்கி மூக்காகப் படிய வைத்து, வெற்றிலையோடு போடுவோமே காசுக்கட்டி, அதைக் குழைத்துப் பற்றுப் போட்டார். அப்புறம் நெய்யில் நனைத்த துணி. சுமார் 25 நாள் கழித்து, புருவத்து நடுவில் விட்டிருந்த இணைப்பை வெட்டினார். முடிந்தது வேலை.

பம்பாய் மாகாணத்து ஆங்கில டாக்டர்கள் இந்த சிகிச்சையைப் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியைப் படமாக வரைந்தார். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் பிணங்களில் பழகி, 1814ல் ஒரு ராணுவ அதிகாரிக்கு இதே முறையில் மூக்கு வைத்து, 1816ல் புத்தகமும் போட்டார். ஐரோப்பாவில் பிளாஸ்டிக் சர்ஜரி மறுபடி துளிர்த்தது இங்கேயிருந்துதான். சுஸ்ருத சம்ஹிதையிலும் மூக்கு வைக்கும் முறை உண்டு. அதில் தோல் எடுப்பது கன்னத்திலிருந்து.

அந்தப் புருவ இணைப்பை ஏன் வெட்டாமல் விட்டார்? அதன் வழியாகத்தான் ரத்தம் வருது. கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயின் கிளை ஒன்று அங்கேதான் நெற்றிக்கு ஏறுது. புது இடத்தில் தோல் ஒட்டி, அங்கேயே ரத்தம் ஓட ஆரம்பிக்கும் வரை பழைய வழியை மூடக்கூடாது. புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கு இன்றைக்கும் நெற்றித் தோலை இதே கணக்கில்தான் இறக்குகிறார்கள்.

இதை நான் ஏன் தோண்டினேன் என்றால், பழவேற்காடு பக்கம் மீனவ குப்பத்தில் இருக்கும் எங்க அக்கா மகள் ஒருத்தி கேட்ட கேள்வியால். கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கு. மூக்கு சப்பை, மோவாய் உள்ளே போயிருக்கு என்று யாரோ சொல்ல, சென்னையில் ஒரு பார்லரில் "ஊசிதான், கத்தியே கிடையாது" என்றார்களாம். "மாமா, ஊசிதானே, போட்டுக்கவா?"

ஊசிக்கும் பழைய கதை இருக்கு. 1900 வாக்கில் ஐரோப்பாவில் பாரஃபின் மெழுகை உருக்கி மூக்கில் ஏற்றுவது ஃபேஷன். கிளாடிஸ் டீக்கன் என்ற பேரழகி அப்படி ஏற்றிக்கொள்ள, மெழுகு நாளடைவில் மோவாய்க்கு இறங்கி முகமே கெட்டது என்பார்கள். இப்போது போடுவது ஹையலுரானிக் ஆசிட். சில மாதங்களில் கரையும், வேண்டாமென்றால் கரைக்கவும் மருந்து உண்டு. ஆனால் மூக்கில் போடும்போது தப்பான ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால், செங்கல்காரர் காப்பாற்றிய அதே வழியில் பின்னோக்கிப் போய் கண்ணையே பறிக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கு. மோவாய்க்கு ஆபரேஷனும் உண்டு: சிலிக்கான் வைக்கலாம், இல்லை எலும்பையே அறுத்து முன்னால் நகர்த்தலாம். கீழுதடு மரத்துப்போகும் அபாயம் அதில் இருக்கு. மோவாய் உள்ளே போயிருந்தாலே மூக்கு பெரிசாத் தெரியும், அதனால் எதைத் தொடுவது என்பதே ஒரு சர்ஜன் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

அவளிடம் சொன்னேன்: "வேணும்னா செஞ்சுக்க, உன் முகம், உன் இஷ்டம். ஆனா பார்லர் வேணாம். பொன்னேரியில ரயிலேறு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைப் பாரு. கேட்டுட்டு முடிவு பண்ணு." இன்னும் முடிவு பண்ணலை.

பொன்னேரியைச் சுற்றி செங்கல் சூளைகள் நிறைய. தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போ அந்த பூனாக்காரர் ஞாபகம் வருது. மூக்கறுக்கச் சொன்ன ராஜாக்கள் பெயர் தெரியும். படம் வரைந்தவர், புத்தகம் போட்டவர் பெயரும் தெரியும். செங்கல் அறுத்த கையால் மூக்கு வைத்தவர் பெயரை மட்டும் ஒருத்தரும் எழுதி வைக்கலை.