நீர்ப்பரப்பை அளந்த நங்கை

வன்னிப் பெருநிலப்பரப்பின் வாழ்வு குளங்களோடு பிணைந்தது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்னும் பெருங்குளங்களும், ஊர்தோறும் பரந்து கிடக்கும் சிறுகுளங்களும் இல்லையேல் அங்கு நெல்லும் இல்லை, ஊரும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மாரி மழை காலபோகத்தை விளைவிக்கின்றது. அம்மழையிற் குளம் தேக்கி வைக்கும் நீரே சிறுபோகத்துக்கு ஆதாரமாகின்றது. கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டு தொடங்கி 1920ஆம் ஆண்டில் நிறைவேறிய இரணைமடுக் குளம், கிளிநொச்சியின் வயல்களுக்கு உயிர்நாடி.

ஆயினும், குளத்தில் தேங்கிய நீர் முழுவதும் வயலைச் சென்றடைவதில்லை. வைகாசி பிறந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியதும், துருசைத் திறவாமலே குளத்து நீர் நாள்தோறும் வற்றுகின்றது. மண்ணுட் சுவறும் நீர் ஒருபுறமிருக்க, ஆவியாகி வானில் மறையும் நீரே பெருந்தொகை. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவே நீர்மட்டம் ஆவியாதலாற் குறைவதாகக் கொண்டாலும், ஒரு ஹெக்டேயர் பரப்பிலிருந்து மறையும் நீர் 50,000 லீற்றர் ஆகும். நூறு நாட்களில் அரை மீற்றர் ஆழமுள்ள நீர் எவர்க்கும் பயன்படாது போய்விடும். ஆழங்குறைந்து அகன்று கிடக்கும் வன்னிக் குளங்களுக்கு இது சிறிய இழப்பன்று.

இவ்விழப்பு நிகழும் இடம் நீரின் மேற்பரப்பு. நீருக்கும் காற்றுக்கும் இடையே கிடக்கும் அம்மெல்லிய எல்லையில் மூலக்கூறுகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை ஆராய்ந்தறிய உலகின் விஞ்ஞானிகள் நெடுங்காலம் முயன்றனர். அம்முயற்சிக்குச் சரியான அளவுகோலை முதன்முதல் ஆக்கித் தந்தவர் ஒரு பேராசிரியரல்லர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தவருமல்லர். அவர் ஜேர்மனி நாட்டின் பிறவுண்ஷ்வைக் நகரில், தமது வீட்டு அடுக்களையிற் பாத்திரம் துலக்கிய ஓர் இளம்பெண். அக்னெஸ் பொக்கெல்ஸ் என்பது அவர் பெயர்.

அக்னெஸ் 1862ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் வெனிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒஸ்திரிய இராணுவ அதிகாரி. வட இத்தாலியிற் பணியாற்றிய காலத்தில், வன்னி மக்கள் குலைப்பன் காய்ச்சல் என்று அஞ்சிய அதே மலேரியாவினால் உடல் நலிந்து, 1871ஆம் ஆண்டு குடும்பத்தோடு பிறவுண்ஷ்வைக் நகரிற் குடியேறினார். அக்னெஸ் அங்குள்ள பெண்கள் பாடசாலையிற் கற்றார். பௌதிகவியலில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. ஆனால் அக்காலத்திற் பெண்கள் பல்கலைக்கழகத்தில் அனுமதிக்கப்பட்டிலர். அவரினும் மூன்று வயது இளையவரான தம்பி பிறீட்றிக் பல்கலைக்கழகஞ் சென்று பௌதிகவியல் கற்றார். தமக்கைக்குப் பாடநூல்களையும் விஞ்ஞான இதழ்களையும் பெற்றுக் கொடுத்தார். அக்னெசோ நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டும் வீட்டுப் பணிகளை ஆற்றிக்கொண்டும் வாழ்ந்தார்.

பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் கொழுப்பும் கலந்தபோது நீரின் மேற்பரப்பு மாறுபட்டு நடப்பதை அவர் கண்டார். கண்டதோடு அமையாது அதனை அளக்கவும் முற்பட்டார். நீரின் உள்ளே உள்ள மூலக்கூறு ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்துள்ள மூலக்கூறுகளால் எல்லாத் திசைகளிலும் இழுக்கப்படுகின்றது. மேற்பரப்பில் உள்ள மூலக்கூற்றுக்கோ மேலே துணையில்லை. பக்கத்திலும் கீழும் இருப்பனவே அதனை இழுக்கின்றன. ஆதலால் நீர்ப்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல விறைத்து நிற்கின்றது. இதுவே மேற்பரப்பிழுவை. குளத்து நீரில் அமிழாது ஓடித்திரியும் பூச்சிகளைத் தாங்குவதும் இதுவே.

1882ஆம் ஆண்டளவில் அக்னெஸ் ஆக்கிய கருவி மிக எளியது. 70 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் 2 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட தகரத் தொட்டி ஒன்று. அதில் விளிம்புவரை நீர். அதன் குறுக்கே ஒரு தகரக் கீலம். கீலத்தை முன்னும் பின்னும் நகர்த்தினால், அதன் ஒருபுறத்து நீர்ப்பரப்பை விரும்பியவாறு சுருக்கலாம், விரிக்கலாம். நீரைத் தொட்டு நிற்கும் சிறு வட்டத்தகடு ஒன்றைத் தராசினால் மேலே இழுத்து, அது நீரைவிட்டுப் பிரிவதற்கு வேண்டிய நிறையைக் கொண்டு மேற்பரப்பிழுவையை அவர் அளந்தார்.

இக்கருவி ஒரு புதிய உண்மையைக் காட்டிற்று. சிறிதளவு எண்ணெய் படிந்த நீர்ப்பரப்பை மெல்லச் சுருக்கும்போது முதலில் இழுவை மாறுவதில்லை. தூய நீர் போன்றே அது நிற்கின்றது. குறித்த ஓர் எல்லையைத் தாண்டியதும் இழுவை சடுதியாக வீழ்கின்றது. கீலத்தினால் நீர்ப்பரப்பை வழித்து அழுக்ககற்றித் தூய்மையாக்கும் முறையையும் அவர் கண்டறிந்தார். கைபட்ட எண்ணெய்ப் பசையே முடிவுகளைப் பிறழச் செய்யும் இத்துறையில் அது பெரும்பேறு.

சுமார் பத்தாண்டுகள் இக்கண்டுபிடிப்பைக் கேட்பார் இலர். 1891ஆம் ஆண்டு சனவரியில், இங்கிலாந்தில் ரேலி பிரபு இதே துறையில் ஆராய்வதை அறிந்த அக்னெஸ், தமது முடிவுகளை ஜேர்மன் மொழியில் எழுதி அவருக்கு அனுப்பினார். பிரபுவின் துணைவியார் அக்கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவர், முன்பின் அறியாத பெண்ணின் கடிதத்தைப் புறக்கணித்திருக்கலாம்; கருத்தைத் தமதாக்கியும் இருக்கலாம். ரேலி பிரபு அவ்வாறு செய்தாரல்லர். அதனை வெளியிடுமாறு 'நேச்சர்' இதழைத் தாமே வேண்டிக்கொண்டார். 1891ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் அது வெளிவந்தது. எழுதியவர்க்கு அப்போது வயது 29.

அவர் கண்ட எல்லையின் பொருளை 1899ஆம் ஆண்டு ரேலி பிரபு விளக்கினார். எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டு, ஒற்றை அடுக்காக நெருங்கும் நிலையே அது. 1774ஆம் ஆண்டில் வெளிவந்த பெஞ்சமின் பிராங்கிளினின் சோதனையும் இதனால் விளக்கம் பெற்றது. இலண்டனுக்கு அண்மையில் உள்ள ஒரு குளத்தில் அவர் இட்ட ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பை அலையடங்கச் செய்தது. தேக்கரண்டி 5 மில்லிலீற்றர் எனக் கொண்டால், அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் 4 இலட்சத்தில் ஒரு பங்காகும். ஏறக்குறைய ஒரு மூலக்கூற்றின் நீளம் அது!

அமெரிக்க இரசாயனவியலாளர் ஏவிங் லாங்மியூர் 1917ஆம் ஆண்டு இன்னுமொரு படி முன்னேறினார். கொழுப்பமில மூலக்கூறுகளின் வால் நீண்டாலும் குறுகினாலும் ஒவ்வொன்றும் நீர்ப்பரப்பிற் கொள்ளும் இடம் ஒன்றே என்று அவர் கண்டார். ஆகவே அவை படுத்திருக்கவில்லை. வேரை நீரில் ஊன்றி நெருங்கி நிற்கும் நெற்பயிர்போல, நீரை நாடும் தலையை நீரிலும் நீரை வெறுக்கும் வாலைக் காற்றிலும் வைத்து நிமிர்ந்து நிற்கின்றன. அவர் பயன்படுத்திய தொட்டி, அக்னெசின் தகரத் தொட்டியின் வழி வந்ததே. மேற்பரப்பு இரசாயன ஆராய்ச்சிக்காக லாங்மியூர் 1932ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். அதே ஆண்டில், 70 வயதான அக்னெசுக்குப் பிறவுண்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. 1935ஆம் ஆண்டு அவர் காலமானார்.

தமிழ் வழங்கும் பாலக்காட்டில் 1900ஆம் ஆண்டு பிறந்த எல். ஏ. ராமதாசும் இத்துறையைத் தொட்டவர். கல்கத்தாவில் சி. வி. இராமனின் மாணவராய், திரவங்களின் மேற்பரப்பில் ஒளி சிதறுவதை அவர் ஆராய்ந்தார். பின்னர் புனே நகரில் 1932ஆம் ஆண்டு முதல் வேளாண் வானிலையியலை வளர்த்தார். நீர்ப்பரப்பின் நுண்மையை அறிந்தவர், நிலத்தையும் பயிரையும் சூழும் வெப்பத்தையும் ஈரத்தையும் ஆராயச் சென்றது பொருத்தமே.

நெருங்கி நிற்கும் இவ்வொற்றைப் படலம் நீர் ஆவியாவதைத் தடுக்குமா? லாங்மியூரும் செவரும் 1943ஆம் ஆண்டில் இதனை ஆய்வுகூடத்தில் அளந்து, தடுக்கும் என்று காட்டினர். 1950களில் அவுஸ்திரேலியாவில் மான்ஸ்பீல்ட், சீற்றைல் அற்ககோல் என்னும் மெழுகு போன்ற பொருளை நீர்த்தேக்கங்களிற் பரப்பிப் பார்த்தார். வரண்ட நாடுகளெங்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஆய்வுகூடத் தொட்டியில் வீசாத காற்று ஏரியில் வீசிற்று. படலம் கிழிந்து கரையொதுங்கிற்று. அமெரிக்காவின் ஹெவ்னர் ஏரியில் 1958ஆம் ஆண்டு நடத்திய பெருஞ்சோதனையில் ஆவியாதல் ஏறத்தாழ 9 சதவீதமே குறைந்தது.

இதனால் வன்னிக்கு விளையும் படிப்பினை யாது? அகன்ற குளத்தை ஓர் எண்ணெய்ப் படலத்தால் மூடிவிட இயலாது. சோளகம் அதற்கு இடங்கொடாது. ஆயின், ஆவியாதல் மேற்பரப்பின் செயல் என்னும் உண்மை நிலைத்து நிற்கின்றது. ஒரே அளவு நீர், அகன்ற ஆழமற்ற குளத்திற் கிடப்பதினும் ஆழ்ந்த குளத்திற் கிடக்கும்போது குறைவாகவே ஆவியாகும். வண்டல் படிந்து ஆழம் குன்றும்போது, குளம் கொள்ளளவை மட்டுமன்றிக் கொண்ட நீரைக் காக்கும் ஆற்றலையும் இழக்கின்றது. காற்றின் வேகத்தைத் தணிக்கும் மருத மரங்களும் குளத்தின் காவலரே. போரினால் இடம்பெயர்ந்து 2009ஆம் ஆண்டின் பின் மீண்டு வந்து, சிதைந்த குளங்களைத் திருத்தி வயல் செய்யும் குடிகளுக்கு, வண்டலகற்றுதலும் மரம் பேணுதலும் மழைக்கு அடுத்த செல்வம்.

அடுக்களைத் தொட்டியில் ஒரு பெண் பொறுமையோடு நோக்கியதனால் மூலக்கூற்றின் அளவே உலகுக்குப் புலனாயிற்று. குளக்கட்டில் நின்று நாள்தோறும் நீர்மட்டம் பார்க்கும் கமக்காரனும் அதே மேற்பரப்பையே நோக்குகின்றான். அவனது நோக்கோடு அளவும் கணக்கும் சேருமாயின், வானுக்குச் செல்லும் நீரிற் சிறு பங்கேனும் வயலுக்குத் திரும்பும்.