பட்டிப்பூவும் புற்றுநோய்ச் சிகிச்சையும்

வீட்டு முற்றங்களிலும் வீதியோரங்களிலும் எவரும் நாட்டாமலே பூத்து நிற்கும் பட்டிப்பூச் செடியை நாம் பெரிதாக மதிப்பதில்லை. நித்தியகல்யாணி என்றும் அழைக்கப்படும் இச்செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவாகும். குருதிப் புற்றுநோயால் பீடிக்கப்பட்ட சிறுவர்களுக்கு உலகெங்கும் வழங்கப்படும் வின்கிறிஸ்ரின் என்ற மருந்து இதிலிருந்தே பெறப்பட்டது.

ஜமேய்க்கா மக்கள் இதன் இலைகளை நீரிழிவுக்குப் பயன்படுத்தி வந்தனர். 1950களில் கனடாவின் மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகியோர் அவ்விலைச் சாற்றை எலிகளில் பரிசோதித்தனர். குருதியில் வெல்லத்தின் அளவு குறையவில்லை. மாறாக, வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை வீழ்ச்சியடைந்தது. அந்த அவதானிப்பே வின்பிளாஸ்ரின் என்ற மருந்தைத் தந்தது. அதனைத் தொடர்ந்து வந்த வின்கிறிஸ்ரின் 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கலங்கள் பிரிவடைவதற்கு அவசியமான நுண்குழாய்கள் உருவாவதை இவை தடுக்கின்றன. இவ்வாறே, பசுபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து கண்டறியப்பட்ட பக்ளிற்றக்சல் 1992 இல் சூலகப் புற்றுநோய்க்கென அங்கீகரிக்கப்பட்டது.

இவ்வரலாற்றைத் தவறாகப் பொருள்கொண்டு, வைத்தியசாலைச் சிகிச்சையைக் கைவிட்டு இலைக் கஷாயத்தை நாடுவோர் உள்ளமை கவலைக்குரியதாகும். ஒரு கிராம் வின்பிளாஸ்ரினைப் பெறுவதற்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலைகள் தேவைப்படுகின்றன. வின்கிறிஸ்ரின் மில்லிகிராம் கணக்கில், நாளத்தினூடாக மாத்திரமே செலுத்தப்படுகின்றது. தவறுதலாக முள்ளந்தண்டினுள் செலுத்தப்பட்டால் உயிரிழப்பு நேரலாம். இத்தகைய அளவு நுணுக்கத்தை அடுப்பில் கொதிக்கும் கஷாயத்திடம் எதிர்பார்க்க முடியாது. பட்டிப்பூவோ உட்கொண்டால் நஞ்சாகும் செடி.

மஞ்சளிலுள்ள குர்குமின் குறித்தும், சிங்களத்தில் கட்டு அனோதா எனப்படும் முள் சீத்தா குறித்தும் பரப்பப்படும் செய்திகளும் இத்தகையனவே. ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் ஒரு பொருள் மனித உடலிலும் நோயைக் குணப்படுத்தும் என்று கொள்வதற்கில்லை. குர்குமின் குருதியில் மிகச் சொற்பமாகவே உறிஞ்சப்படுகின்றது. முள் சீத்தா புற்றுநோயைக் குணமாக்கும் என்பது நோயாளர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளால் நிரூபிக்கப்படவில்லை.

சித்த, ஆயுர்வேத, யுனானி மரபுகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஜமேய்க்காவின் நாட்டு வைத்தியமே நோபிளுக்கும் பியருக்கும் வழிகாட்டியது. எனவே எமது பல்கலைக்கழகங்களும் சுதேச வைத்தியர்களும் இணைந்து, மூலிகைகளை முறையான ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். அந்த ஆய்வுகளுக்கு அரசாங்கம் போதிய நிதி ஒதுக்க வேண்டும்.

புற்றுநோய் ஆரம்பத்திலேயே கண்டறியப்பட்டால் குணமடையும் வாய்ப்பு அதிகம். கஷாயத்துடன் கழியும் மாதங்கள் அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகின்றன. எந்த மூலிகையை உட்கொள்வதாயினும், சிகிச்சையளிக்கும் வைத்தியரிடம் அதனை மறைக்காது தெரிவிக்க வேண்டும் என்பதையும், அவ்வாறு தெரிவிப்போரைக் கடிந்துகொள்ளாது செவிமடுப்பது வைத்தியர்களின் கடமை என்பதையும் நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.