பொக்கெட்டுக்குள்ள ஒரு பிஸ்டல்

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷும் மனைவியும் இருக்கிறார்கள். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுடுகிறார். பிறகு ஓடிப்போய், கழிப்பறைக்குள் தன்னையே சுட்டுக்கொள்கிறார். வயது 25. இந்தக் கதை எங்களில கனபேருக்குத் தெரியும். ஆனா அவர் கையில் இருந்தது என்ன? பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல்.

அதுவரை ரிவோல்வர்தான். உருளையான ரவைக்கூடு வெளியில் புடைத்து நிற்கும், ஒளிப்பது கஷ்டம். அமெரிக்கரான ஜோன் பிரவுனிங் வேற வழி கண்டார். ரவை வெடிக்கும் விசையே மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி வெற்றுக்கோதை வெளியே எறியும். சுருள்வில் அதைத் திருப்பித் தள்ளும்போது அடுத்த ரவை ஏறிவிடும். ரவைகள் கைப்பிடிக்குள்ளயே இருப்பதால பிஸ்டல் தட்டையானது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1900 மாடலை மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல் செய்தது. 1906இல் வந்த மாடல் உள்ளங்கைக்குள் அடங்கும்.

தற்காப்புக்கு என்று விற்ற சாமான் அரசியலுக்குள்ளும் வந்தது. 1909இல் சாவர்க்கர் லண்டனிலிருந்து 20 பிரவுனிங்குகளைப் பெட்டியின் கள்ளத்தட்டில் மறைத்து இந்தியாவுக்கு அனுப்பினார். அதில் ஒன்றால்தான் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். 1914இல் சரயேவோவில் இளவரசரைச் சுட்டதும் எஃப்.என். பிஸ்டல்தான். குழல் குட்டை என்பதால் தூரத்திலிருந்து குறி தப்பும், கிட்டப் போகவேணும். அதுக்குத் துணிந்த ஒருத்தர் போதும், கூட்டம் தேவையில்லை.

கூட்டம் எங்கே போனது என்பதுதான் முக்கியமான கேள்வி. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கொம்பனி தூத்துக்குடிக்கும் எங்கட கொழும்புக்கும் இடையில்தான் கப்பல் விட்டது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். சில நாளிலேயே வ.உ.சி. கைதானார். திருநெல்வேலியில் சனம் கொதித்தெழுந்தது. துப்பாக்கிச்சூட்டில் நாலு பேர் செத்தார்கள். அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். கொம்பனியும் நொடிந்தது. சனம் சேர்ந்து செய்த அரசியலை அடித்து நொறுக்கின பிறகு, மிஞ்சிய கோபம் சின்னச் சின்ன இரகசியக் குழுக்களுக்குள் போய் ஒதுங்கியது. அந்த இடத்துக்குத்தான் பிஸ்டல் வந்து சேர்ந்தது.

வாஞ்சியிடம் இருந்த கடிதத்தையும் மறைக்கக்கூடாது. ஆங்கிலேயரை மிலேச்சர் என்றும், சனாதன தர்மத்தை அழிப்பவர்கள் என்றும் அது சொல்கிறது. மில் தொழிலாளியின் கூலி அதில் இல்லை.

எங்கட வரலாற்றிலும் இந்தக் கணக்கு இருக்கு. 1975இல் யாழ் மேயர் துரையப்பா பொன்னாலைக் கோயிலடியில் சுடப்பட்டார். 2000 ஜனவரியில், வெள்ளவத்தையில் குமார் பொன்னம்பலம். சுட்ட பக்கம் வேற வேற. ஆனா கிட்ட வந்து ஒருத்தரைச் சுட்டால் அரசியல் முடிஞ்சுது என்ற நினைப்பு ஒன்றுதான். ஆஷ் செத்ததால் கப்பல் திரும்பி வரவில்லை, வ.உ.சி. 1912 கடைசிவரை சிறையில்தான் இருந்தார்.

மணியாச்சி நிலையத்துக்கு இண்டைக்கு வாஞ்சியின் பெயர். கோரல் மில்லில் வென்ற தொழிலாளர்களில் ஒருத்தரின் பெயராவது எங்களுக்குத் தெரியுமா?