உலர் ஹாப் சேர்ப்பு

உலர் ஹாப் சேர்ப்பு என்பது, உலர்த்திய ஹாப் பூக்களைக் கொதிக்க வைக்காமல், நொதித்துக்கொண்டிருக்கும் அல்லது நொதித்து முடிந்த பியரில் நேரடியாக ஊறவிடும் முறையாகும். கசப்பை அதிகம் கூட்டாமல் மணத்தைக் கூட்டுவதே இதன் நோக்கம். பெரிய ஆலைகளிலும், வீட்டில் சிறிய அளவில் பியர் தயாரிப்போரிடமும் இது பரவலாக உள்ளது. கருவி எதுவும் அதிகம் தேவைப்படாத எளிய முறையே எனினும், ஹாப்பில் உள்ள நொதிகள் முடிந்துபோன நொதித்தலை மீண்டும் தொடங்கிவைக்கக் கூடியவை. இதனைக் கவனியாமல் புட்டியில் அடைத்தால் புட்டி வெடிக்கக்கூடும்.

கொதிக்க வைப்பதிலிருந்து வேறுபாடு

ஹாப் ஒரு கொடித் தாவரம். பெண் கொடியின் கூம்பு வடிவப் பூக்களில் லுபுலின் எனப்படும் மஞ்சள் நிறச் சுரப்பிகள் உள்ளன. ஆல்ஃபா அமிலங்களும் நறுமண எண்ணெய்களும் இவற்றிலேயே அடங்கியுள்ளன. வாற்கோதுமைச் சாற்றுடன் ஹாப்பைக் கொதிக்க வைக்கும்போது ஆல்ஃபா அமிலங்கள் வேதி மாற்றமடைந்து பியருக்குக் கசப்பைத் தருகின்றன. ஆனால் மிர்சீன் முதலிய எண்ணெய்கள் அதே கொதிப்பில் நீராவியுடன் வெளியேறிவிடுகின்றன. கசப்புக்கு வேண்டிய வெப்பமே மணத்துக்குப் பகையாகிறது. எனவே கசப்புக்கு ஒரு பங்கைக் கொதிக்கவிட்டு, மணத்துக்கு மற்றொரு பங்கைப் பின்னர் குளிர்ந்த நிலையில் சேர்க்கின்றனர்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆலையிலிருந்து அனுப்பும் முன் மரப்பீப்பாய்களில் ஹாப் இடும் வழக்கம் இருந்தது. கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வெளிர்நிற ஏல் வகையும் இவ்வாறே தயாரிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பியர் ஆலை 1975இல் கேஸ்கேட் வகை ஹாப்பைக் கொண்டு தயாரித்த லிபர்ட்டி ஏல் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தது. வீட்டுத் தயாரிப்புக்கு ஐக்கிய இராச்சியத்தில் உரிமம் தேவையில்லை என 1963இல் ஆனது. ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் நிறைவேறிய சட்டம் அதனைக் கூட்டரசு அளவில் அனுமதித்தது.

செய்முறை

முதன்மை நொதித்தல் தணிந்த பின் ஹாப்பைச் சேர்ப்பதே வழக்கம். நொதித்தல் வேகமாக நடக்கும்போது சேர்த்தால், வெளியேறும் கரியமில வாயு மணத்தையும் உடன் கொண்டுசென்றுவிடும். எனினும் கலங்கலான நியூ இங்கிலாந்து வகைப் பியரில் வேண்டுமென்றே முன்னதாகச் சேர்ப்பதுண்டு. ஈஸ்ட் சில எண்ணெய்க் கூறுகளை வேறு மணப்பொருள்களாக மாற்றும் என்பது இதற்குக் காரணம்.

20 லிட்டர் பியருக்கு 60 முதல் 120 கிராம் வரை பொதுவாகப் போதுமானது. அளவைக் கூட்டினால் மணமும் அதே விகிதத்தில் கூடும் என்பது பலர் கொண்டுள்ள தவறான எண்ணம். கேஸ்கேட் ஹாப்பைக் கொண்டு ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் சென்றபோது எலுமிச்சை போன்ற மணத்தைவிடத் தேயிலை, மூலிகை போன்ற மணமே மேலோங்கியது. ஊறவிடும் காலமும் அவ்வாறே. தூளாக்கி அழுத்திய ஹாப் உருண்டைகளிலிருந்து எண்ணெய் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் இறங்கிவிடுகிறது. வாரக்கணக்கில் விடுவதால் பச்சைப்புல் சுவை சேர்வதன்றி அதிகப் பயன் இல்லை.

ஹாப்பைக் கிருமிநீக்கம் செய்யத் தேவையில்லை. அதன் அமிலங்கள் பல பாக்டீரியாக்களைத் தடுப்பவை. பியரில் அதற்குள் எத்தனாலும் உருவாகியிருக்கும். அஞ்ச வேண்டியது ஆக்சிசனையே. கலத்தை நெடுநேரம் திறந்து வைத்தாலோ, பியரைக் கலக்கினாலோ, பெற்ற மணம் சில வாரங்களில் மங்கிவிடும். உருண்டைகளை ஒரேயடியாகக் கொட்டினால் கரைந்துள்ள வாயு நுரையாகப் பொங்கி வழியும் என்பதால் சிறிது சிறிதாக இட வேண்டும்.

மறுநொதித்தல்

ஹாப் சேர்த்த பியர் மீண்டும் நொதிப்பதைப் பிரௌன், மோரிஸ் ஆகிய இங்கிலாந்து வேதியியலாளர்கள் 1893இலேயே ஆராய்ந்து, ஹாப்பில் மாப்பொருளைச் சிதைக்கும் நொதி உள்ளதெனக் காட்டினர். பின்னர் இது பெரிதும் மறக்கப்பட்டது. அதிக அளவில் ஹாப் இடும் பழக்கம் பரவியபின், ஒரிகன் ஆய்வாளர்கள் 2018இல் இதனை மீண்டும் உறுதி செய்தனர். ஈஸ்ட் உண்ண இயலாமல் பியரில் எஞ்சும் டெக்ஸ்ட்ரின்களை இந்நொதிகள் எளிய சர்க்கரையாக உடைக்கின்றன. கொதிக்க வைத்த ஹாப்பில் நொதிகள் அழிந்துவிடுவதால் இச்சிக்கல் எழுவதில்லை.

லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கரியமில வாயு உண்டாகும். புட்டிப் பியரில் இருப்பது பொதுவாக 5 கிராம் அளவே. ஆகவே நுரைக்கெனச் சேர்க்கும் சர்க்கரையுடன் இந்தக் கணக்கில் வராத சர்க்கரையும் சேர்ந்தால் அழுத்தம் விரைவில் எல்லை மீறும். வெண்ணெய் போன்ற மணம் தரும் டைஅசெட்டைலும் உருவாகலாம்.

ஹாப் இட்டபின் பியரை உடனே குளிர்விப்பது தீர்வாகாது. ஈஸ்ட் உறங்குமே தவிர, புட்டி அறை வெப்பத்துக்கு வந்ததும் விழித்துக்கொள்ளும். நொதிக்கும் வெப்பநிலையிலேயே வைத்திருந்து, அடர்த்திமானி சில நாட்கள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டிய பிறகே புட்டியில் அடைக்க வேண்டும்.

ஊறிய ஹாப் சக்கையை நாய்கள் எட்டாத இடத்தில் அகற்ற வேண்டும். அதனைத் தின்ற நாய்களுக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்து உயிரிழப்பு வரை நேர்வதுண்டு.