உலருடை முக்குளிப்பு
உடலில் நீர் படாமல் காக்கும் உடை அணிந்து, ஸ்கூபா கருவியுடன் குளிர்நீரில் மூழ்கும் முறை. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடல்வெப்பத்தைக் கவரும். எனவே கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகும் ரப்பர் பட்டைகள் நீரைத் தடுக்கின்றன; அவை வழுக்கி ஏற டால்கம் பவுடர் பூசுவதுண்டு.

உடைக்குள் இருக்கும் காற்றைக் கையாள்வதே பயிற்சியின் மையம். ஆழத்தில் காற்று சுருங்கி உடை உடலை நெரிக்கும். மார்பு வால்வை அழுத்திக் காற்றேற்ற வேண்டும். மேலேறுகையில் இடக்கை வால்வு வழியே அதை வெளியேற்ற வேண்டும். காற்று கால்பக்கம் திரண்டால் ஆள் தலைகீழாவார். முழங்காலை மடக்கி உருண்டு நிமிரப் பழகுவது இன்றியமையாதது.

ஆனால் எல்லாக் கடலிலும் உலருடை தேவைப்படாது. சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய வங்கக்கடல் வெதுவெதுப்பானது. இங்கு நீர் உட்புகும் மெல்லிய ஈர உடையே போதும். உலருடைக்கு உரிய இடம் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவு போன்றது. அங்கு நீர் 2–4 பாகை செல்சியஸ்.