நியூகேட் சிறையின் பெண்கள் பகுதி: வாழ்நிலையும் தூய்மையும் (1750 – 1835)

முன்னுரை

சிறைச் சீர்திருத்த வரலாற்றில் இலண்டன் நகரின் நியூகேட் சிறை தனித்த இடம் பெறுகிறது. அச்சிறையின் பெண்கள் பகுதியில் எலிசபெத் ஃப்ரை மேற்கொண்ட பணி பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் இரக்கச் செயலாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அப்பணிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சிறைத் தூய்மைக்கெனச் சட்டம் ஒன்று நடைமுறையில் இருந்தது என்பது போதிய கவனம் பெறவில்லை. சட்டம் இருந்தும் பெண் கைதிகளின் வாழ்நிலை சீர்கெட்டது ஏன், அது மாறத் தொடங்கியபோது உண்மையில் மாறியது எது என்ற இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சத்தில் பிறந்த சட்டம்

1750ஆம் ஆண்டு, நியூகேட் சிறையை ஒட்டியிருந்த ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் சிறைக்காய்ச்சல் பரவியது. விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட கைதிகளிடமிருந்து தொற்றிய அந்நோய்க்கு இலண்டன் மேயர் சாமுவேல் பென்னன்ட், நீதிபதிகள் இருவர் உள்ளிட்ட பலர் பலியாயினர். சிறைக்குள் நெடுங்காலமாகக் கைதிகளைக் கொன்றுவந்த நோய், நீதிபதியின் இருக்கையை எட்டிய பின்னரே பொதுச் சிக்கலாக உணரப்பட்டது. 1752இல் ஸ்டீபன் ஹேல்ஸ் வடிவமைத்த காற்றோட்டக் கருவி நியூகேட்டில் பொருத்தப்பட்டது. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற அக்கால மருத்துவக் கருத்தே அதற்கு அடிப்படை.

1774இல் நாடாளுமன்றம் கைதிகளின் உடல்நலம் பேணும் சட்டத்தை இயற்றியது. சுவர்களையும் கூரையின் உட்பகுதியையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுரண்டி வெள்ளையடித்தல், அறைகளைக் கழுவிக் காற்றோட்டமாக வைத்தல், நோயுற்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் ஒதுக்குதல், குளியல் வசதி அளித்தல், மருத்துவரை நியமித்தல் ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. எனினும், பல சிறைகளில் இச்சட்டம் பின்பற்றப்படவில்லை என்பதை ஜான் ஹோவர்ட் 1777இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்தார்.

1813இல் பெண்கள் பகுதியின் நிலை

ஸ்டீபன் கிரெல்லட் என்ற குவேக்கர் சமயப் போதகர் கூறக் கேட்டு, எலிசபெத் ஃப்ரை 1813இல் நியூகேட்டிற்குச் சென்றார். அக்கட்டடம் பழமையானதன்று. ஜார்ஜ் டான்ஸ் வடிவமைப்பில் எழுந்து, 1780ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. எனவே, அங்கு நிலவிய சீர்கேட்டைக் கட்டடத்தின் முதுமையால் மட்டும் விளக்க இயலாது.

தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன் 1818இல் வெளியிட்ட விவரிப்பின்படி, இரு பெருங்கூடங்களிலும் இரு அறைகளிலுமாக ஏறத்தாழ 190 சதுர கெஜப் பரப்பில் முந்நூறு பெண்கள் தம் குழந்தைகளுடன் அடைக்கப்பட்டிருந்தனர். குழந்தைகளைக் கணக்கில் கொள்ளாமலே, ஒருவருக்குக் கிடைத்த இடம் ஆறு சதுர அடிக்கும் குறைவு. தீர்ப்புப் பெற்றவர், விசாரணைக்குக் காத்திருந்தவர் என்ற வேறுபாடு இல்லை. படுக்கை இல்லாததால் தரையிலேயே உறங்கினர். அவ்விடத்திலேயே சமைத்தனர், துவைத்தனர். பார்வையாளரிடம் இரந்து பெற்ற காசு சிறைக்குள் விற்கப்பட்ட மதுவிற்குச் செலவானது. அப்பெண்களை இரவும் பகலும் கண்காணித்தவர்கள் ஓர் ஆணும் அவர் மகனுமே.

இந்நிலை 1774ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறையைத் தெளிவாகக் காட்டுகிறது. சட்டம் சுவரைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசியது. உடுத்த மாற்றுடை, படுக்கை, ஆள் ஒருவருக்கான இடம், பெண் காவலர் ஆகியவை இல்லாத நிலையில் சுவரை வெள்ளையடிப்பதால் மட்டும் தூய்மை உண்டாகாது. சிறைக்காய்ச்சல் எனப்பட்ட டைஃபஸ் நோயை உடையில் வாழும் பேன்களே பரப்புகின்றன என்பதைச் சார்ல் நிக்கோல் 1909இல் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பின் ஒளியில் நோக்கினால், காற்றோட்டக் கருவியைவிட மாற்றுடையும் சோப்பும் வெந்நீருமே கைதிகளுக்கு இன்றியமையாதவையாக இருந்தன என்பது புலனாகிறது.

1817ஆம் ஆண்டின் மாற்றம்

1816ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் நியூகேட்டிற்குச் சென்ற ஃப்ரை, முதலில் கைதிகளின் குழந்தைகளுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கைதிப் பெண் ஒருவரே அதன் ஆசிரியரானார். 1817 ஏப்ரலில் குவேக்கர் பெண்கள் பதினொருவரும் மதகுரு ஒருவரின் மனைவியும் இணைந்து சங்கம் அமைத்தனர். பெண் கண்காணிப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். கைதிகள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, அவர்களுள் ஒருவரே ஒவ்வொரு குழுவிற்கும் பொறுப்பேற்றார். தையல், பின்னல் வேலைகளின்வழி வருவாய்க்கு வழி ஏற்பட்டது. விதிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, பெண்கள் கையுயர்த்தி இசைவு அளித்த பின்னரே நடைமுறைக்கு வந்தன என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இம்முயற்சியை ஐயமின்றிப் புகழ்வதும் பொருந்தாது. சங்கத்தாரின் பார்வையில் உடல் தூய்மையும் ஒழுக்கத் தூய்மையும் ஒன்றே. நீரும் உடையும் கைதியின் உரிமையாகக் கருதப்படாமல், திருந்துவதற்கான கருவிகளாகவே வழங்கப்பட்டன. விவிலிய வாசிப்பும் கீழ்ப்படிதலும் அவற்றோடு பிணைந்திருந்தன. ஆயினும், கைதியை விதிக்கு உட்படுத்தப்படுபவராக மட்டும் காணாமல், விதிக்கு இசைபவராகவும் கண்ட நடைமுறை அக்காலச் சிறை நிருவாகத்தில் புதியதாகும்.

சட்டமும் கண்காணிப்பும்

ஃப்ரை 1818இல் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். 1823ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம், பெண் கைதிகள் பெண் அலுவலர்களின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும் என விதித்தது. ஆனால், சிறு நகரங்களின் சிறைகள் பல இதன் எல்லைக்குள் வரவில்லை. மைய அரசின் ஆய்வாளர்களும் இல்லை. 1835இல்தான் ஆய்வாளர் நியமனம் சட்டமானது. அடுத்த ஆண்டே அவர்களது முதல் அறிக்கை நியூகேட்டைக் கடுமையாகக் கண்டித்தது. விதியை எழுதுவதற்கும் அதன் நடைமுறையை நேரில் காண்பதற்கும் இடையே, 1774 முதல் கணக்கிட்டால், அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

முடிவுரை

நியூகேட்டின் வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை அறியமுடிகிறது. சிறைத் தூய்மை குறித்த அரசின் அக்கறை, கைதியின் துன்பத்தைவிட வெளியிலிருந்தோரின் அச்சத்திலிருந்தே வலுப்பெற்றது. பெண்களின் தேவைகள் பொதுவிதிகளில் தாமாக இடம்பெறவில்லை. கண்காணிப்பு இல்லாத சட்டம் சிறைச்சுவரைத் தாண்டி உள்ளே செல்லவில்லை. பெண் கைதிகளைத் தனியே வைத்தல், அவர்களைப் பெண் அலுவலரே சோதித்தல் ஆகிய நெறிகள் பின்னர் 1894ஆம் ஆண்டு இந்தியச் சிறைச் சட்டத்திலும் இடம்பெற்றன. மாதவிடாய்க்கான அணையாடையைக் கட்டணமின்றி வழங்குதலும் தடையில்லா நீரும் பெண் கைதிகளின் தேவைகள் என்பதை ஐக்கிய நாடுகள் அவையின் பாங்காக் விதிகள் 2010இல்தான் வெளிப்படையாக எழுதின. ஆகவே, பெண்கள் சிறையை ஆராய்வோர் விதிநூல்களோடு நின்றுவிடாமல், அங்குள்ள ஒருவருக்கு எத்தனை அடி இடம், எத்தனை உடை, எவ்வளவு நீர் கிடைத்தன என்பதையும் கணக்கிடுதல் இன்றியமையாததாகும்.