குளத்து மலர்களின் குலமும் களமும்

மடு என்னும் சொல் ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த விசுவமடுவும், அயலிலுள்ள கல்மடுவும், இரணைமடுவும் நீரினால் பெயர்பெற்ற இடங்களே. மாரிமழை பொழிந்து வன்னிக் குளங்கள் நிறையுங்கால் தாமரையும் ஆம்பலும் அகன்ற இதழ் விரித்து நிற்கும். அத்தகைய நீரிலேயே, பொடி தூவினாற்போல் மிதக்கும் வுல்ஃபியா என்னும் நுண்பயிரும் வாழும். ஒரு மலர் உள்ளங்கையினும் பெரிது. மற்றொன்று கடுகினும் சிறிது. நேயர்களே, இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அவை வாழும் களமா, பிறந்த குலமா? இவ்வினாவின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு.

ஒல்லாந்த வணிகக் கம்பனியின் மருத்துவராக 1672 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தவர் போல் ஹேர்மன். அவர் இங்கு திரட்டி உலர்த்திய செடிகள் பல்லாண்டுகளின் பின் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் கையை அடைந்தன. அவற்றை ஆராய்ந்தே லின்னேயசு 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1753 இல் உலகத் தாவரங்களை வகைப்படுத்தியபோது, தாமரையை அவர் ஆம்பலின் சாதியிலேயே சேர்த்தார். இரண்டும் நீரில் வாழ்வன, இரண்டுக்கும் இதழ்கள் பல, மலரும் பெரிது. ஆனால் ஆம்பலை ஒத்த இலையும் சின்னஞ்சிறு வெண்பூவும் உடைய வேறொரு நீர்க்கொடியை அவர் ஆம்பலோடு சேர்க்கவில்லை. இலை ஒத்திருந்தும் பூவின் அமைப்பு வேறென்று அவர் கண்டார். இலையின் ஒப்புமைக்கு ஏமாறாத அவ்வறிஞர், மலரின் ஒப்புமைக்கு இணங்கிவிட்டார்.

1763 இல் பிரெஞ்சு அறிஞர் அடான்சன் தாமரையைத் தனிச் சாதியாக்கினார். ஆயினும் ஆம்பலின் நெருங்கிய உறவு என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. ஒரே சூழலில் வாழும் உயிர்கள், குலத்தால் வேறாயினும் தோற்றத்தால் ஒத்துவரக்கூடும் என்று 1859 இல் டார்வின் விளக்கினார். திமிங்கிலம் மீனை ஒத்திருப்பது அத்தகையது. 1990களில் மரபணுக்களை ஒப்பிட்டபோது தாமரையின் உண்மை உறவு வெளிப்பட்டது. மேலைநாட்டுச் சாலைகளில் நிழல் தரும் பிளேன் மரமே அதன் கிட்டிய சுற்றம்! அம்மரத்தின் பூக்களோ மிக நுண்ணியவை. உருண்டைக் கொத்துகளாகத் தொங்குபவை. ஆகவே தாமரையின் பெருமலர் ஆம்பலிடமிருந்து பெற்ற குலச்சொத்தன்று.

அவ்வாறாயின் மலர் பெருப்பது எதற்காக? மகரந்தம் சுமக்கும் பூச்சிகளை அழைப்பதற்காக. தாமரைப் பூ, சுற்றுக்காற்று குளிர்ந்தாலும் தன்னுள் 30 பாகைக்கு மேற்பட்ட வெம்மையைக் காத்துக்கொள்வதை 1996 இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. வெம்மையை நாடிவரும் வண்டுகளுக்கு அம்மலர் ஓர் இல்லம். நீரின் உதவியால் மகரந்தம் சேரும் வலிஸ்னேரியாவுக்கோ அகன்ற இதழ் வேண்டுவதில்லை. அதன் பூ சிறுத்தது. வுல்ஃபியாவோ சேம்பின் குடும்பத்தது. அக்குடும்பத்தில் தனிப்பூக்கள் பொதுவாகவே சிறியன. மிதக்கும் வாழ்வில் செடி முழுவதும் குறுகியபோது பூ மேலும் குறுகிற்று.

ஒரே இனச் செடியும் வளமான சேற்றிலும் நிறைந்த வெயிலிலும் பெரிதாகப் பூக்கும். நீர் வற்றிய இடத்தில் சிறுத்துப் பூக்கும். ஆயினும் எவ்வளவு வளமளித்தாலும் வுல்ஃபியா தாமரையாகாது. குலம் எல்லையை வகுக்கிறது. களம் அவ்வெல்லைக்குள் அளவைத் தீர்மானிக்கிறது. ஊழிகள் பல கடக்கும்போது, அக்களமே எல்லையையும் மெல்ல மாற்றுகிறது.

1753 இல் நேர்ந்த பிழை திருந்த ஏறத்தாழ 240 ஆண்டுகள் சென்றன. அது திருந்தியதற்குக் காரணம், தாமரை அதுவரை உயிரோடு இருந்தமையே. குளங்கள் தூர்ந்தாலோ நஞ்சுற்றாலோ, அழிவது அழகு மட்டுமன்று. இன்னும் படிக்கப்படாத ஏடுகளும் உடன் அழியும். வன்னியின் ஒவ்வொரு மடுவும் அத்தகைய ஏட்டுச்சாலையே.